எராஸ்மஸ் டிரான்ஸ்கிரிப்ட்: இரண்டு பல்கலைகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது?

நீலக்குடை எழுதியது:

வணக்கம். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். குளிர்கால செமஸ்டரை எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பிரான்சில் முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். போகும்போது லேர்னிங் அக்ரிமென்ட் (அங்கே என்னென்ன பாடம் படிப்பேன் என்ற உடன்பாடு) முழுக்க ஆன்லைனில்தான் நடந்தது. நான் கையெழுத்திட்டேன், இங்குள்ள ஒருங்கிணைப்பாளர் இட்டார், அங்குள்ளவரும் இட்டார். ஒரு தாள்கூட அச்சடிக்கவில்லை. 'காகிதமில்லா எராஸ்மஸ்' என்று பார்க்கும் இடமெல்லாம் எழுதியிருந்தார்கள். அப்படியானால் மதிப்பெண்ணும் அதே வழியில் வந்துவிட வேண்டும்தானே?

வரவில்லை. அங்கே கேட்டால், "தயாரானதும் பி.டி.எஃப். ஆக மெயிலில் அனுப்புவோம்" என்கிறார்கள். இங்கே கேட்டால், "வந்ததும் பதிவு செய்வோம், அப்புறம் துறையில் பார்க்க வேண்டும்" என்கிறார்கள். தீசிஸ் பதிவு செய்வதற்கு முன்னால் அந்த கிரெடிட்கள் என் கணக்கில் ஏறியாக வேண்டும். யாரைப் பிடித்தால் வேலை நடக்கும்? லேர்னிங் அக்ரிமென்ட் கணினி வழியாகப் போகும்போது மதிப்பெண் மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேற்குக்கரை எழுதியது:

நீலக்குடை, நான் ஒரு ஜெர்மன் பல்கலையின் இன்டர்நேஷனல் ஆபீஸில் மென்பொருள் பக்கம் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வி எங்கள் மேசைக்கு ஓயாமல் வருகிற கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எராஸ்மஸ் நடைமுறைப்படி, நீங்கள் போய்ப் படித்த பல்கலைக்கு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) தர ஐந்து வார அவகாசம் உண்டு. அது கிடைத்ததும் உங்கள் சொந்தப் பல்கலை கிரெடிட்களை ஏற்றுக்கொள்ள இன்னொரு ஐந்து வாரம். முதல் ஐந்து வாரம் முடிவு வெளியான நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும், தேர்வெழுதிய நாளிலிருந்து ஓடாது. பிரான்சில் பேராசிரியர் திருத்திக் கொடுத்த மதிப்பெண் அன்றைக்கே அதிகாரபூர்வமாகிவிடாது. ஜூரி என்று ஒரு குழு கூடி உறுதி செய்தால்தான் அது முடிவு. அதனால் அங்கே மெயில் எழுதும்போது, என் துறையின் ஜூரி என்றைக்குக் கூடுகிறது என்று கேளுங்கள். "எப்போது அனுப்புவீர்கள்" என்று கேட்டால் "விரைவில்" என்றுதான் பதில் வரும்.

அடுத்து, ஏன் போகமாட்டேன் என்கிறது என்ற கேள்வி. ஐரோப்பிய ஆணையம் எங்கோ ஒரு பெரிய கணினியில் எல்லா மாணவர்களின் மதிப்பெண்ணையும் சேர்த்து வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. 2015-ல் கெண்ட் பல்கலையின் தலைமையில் காகிதமில்லா எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோதே நடுவில் கிடங்கு வேண்டாம் என்று வடிவமைத்தார்கள். நடுவில் இருப்பது ஒரு பதிவேடு, வார்சா பல்கலைக்காரர்கள் எழுதியது. அதை டெலிபோன் டைரக்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்கலை எந்த முகவரியில் இருக்கிறது, என்னென்ன சேவை தருகிறது, அதன் மறையாக்கச் சாவியின் கைரேகை (அதை அடையாளம் காட்டும் குறியீடு) என்ன, இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒவ்வொரு பல்கலையும் தன் விவரத்தை ஒரு சிறு கோப்பாகத் தன் சர்வரிலேயே வைத்திருக்கும். பதிவேடு அடிக்கடி போய் அதைப் படித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மற்ற பேச்சு எல்லாம் இரண்டு பல்கலைகளுக்கு இடையே நேரடியாக.

டிரான்ஸ்கிரிப்ட் போகும் விதத்தைச் சொல்கிறேன். மார்க் தயாரானதும் பிரெஞ்சுக் கணினி அதை அப்படியே தள்ளிவிடாது. "இந்த எண்ணுள்ள பயணத்தில் ஒரு மாற்றம் இருக்கிறது" என்று ஒரு சின்ன அறிவிப்பை மட்டும் அனுப்பும். அதைப் பெற்ற ஜெர்மன் கணினி, தன் சாவியால் கையொப்பமிட்ட கோரிக்கையோடு திரும்பப் போய்க் கேட்கும். கேட்பது யார் என்று டைரக்டரியில் சரிபார்த்த பிறகுதான் பட்டியல் கையில் கிடைக்கும். எல்மோ என்ற வடிவத்தில் ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பு. பாடத்தின் குறியீடு, பெயர், கிரெடிட், மதிப்பெண், தேதி எல்லாம் தனித்தனிப் புலத்தில் வரும். யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டாம். நடந்தால் சில நொடி வேலை.

சரி, "இந்த எண்ணுள்ள பயணம்" என்றேனே, அந்த எண்ணைக் கொடுப்பது அனுப்பும் பல்கலை. உங்கள் பல்கலை உங்களை இந்த நெட்வொர்க் வழியாக நாமினேட் செய்திருந்தால், அதாவது இவரை அனுப்புகிறோம் என்று பெயர் கொடுத்திருந்தால், அந்த எண் போய் பிரெஞ்சுப் பக்கம் உங்கள் பதிவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெயிலிலோ எக்செல் தாளிலோ அந்தப் பல்கலையின் சொந்த போர்டலிலோ செய்திருந்தால், அவர்களுடைய தேர்வுக் கணினிக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. மார்க் இருக்கும், அனுப்ப ஆள் இருக்கும், எந்தப் பயணத்துக்கு உரியது என்று சொல்ல வழி இருக்காது.

லேர்னிங் அக்ரிமென்ட் மட்டும் எப்படிப் போனது என்றால், அதிலும் ஓர் எண் இருந்திருக்கும். ஆனால் பல இடங்களில் அது ஓ.எல்.ஏ. (ஆன்லைன் லேர்னிங் அக்ரிமென்ட்) தளத்தோடு நின்றுவிடும். மூன்று பேர் உலாவியில் திறந்து கையெழுத்திட்டால் அந்த வேலை முடிந்தது. தேர்வு முடிவுகள் இருக்கும் கணினியை அது தொடவே தொடாது. அந்தக் கணினி வேறு அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது, வேறு நிறுவனத்தின் மென்பொருளில் ஓடுகிறது.

ஆணையம் வகுத்த அட்டவணை என்னவோ தெளிவாகத்தான் இருந்தது: 2021-ல் லேர்னிங் அக்ரிமென்ட், 2022-ல் பல்கலைகளுக்கு இடையிலான ஒப்பந்தம், 2023-ல் நாமினேஷனும் டிரான்ஸ்கிரிப்டும். என் கருத்தில் சிக்கல் அந்த வரிசையிலேயே இருக்கிறது. நடைமுறையில் ஒப்பந்தம் முதலில், நாமினேஷன் அடுத்து, லேர்னிங் அக்ரிமென்ட் அப்புறம், கடைசியில் டிரான்ஸ்கிரிப்ட். இதில் மூன்றாவதை எடுத்து முதலில் மின்னணு ஆக்கினால் அது தன் முன்னும் பின்னும் எதோடும் ஒட்டாமல் தனியாகத்தான் நிற்கும். நீங்கள் பார்ப்பது அதன் விளைவு.

வடதுருவம் எழுதியது:

மேற்குக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நான் நார்வேயில் ஒரு பல்கலையின் மாணவர் பதிவுப் பிரிவில் இருக்கிறேன். பல்கலையும் பல்கலையும் பேசிக்கொள்வது ஒரு வழி. மாணவரே தன் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு போவது இன்னொரு வழி. அதற்கு எம்ரெக்ஸ் என்று பெயர். இதுவும் 2015-ல் தொடங்கியதுதான். பின்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க், போலந்து, இத்தாலி சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள்.

இதில் நீங்கள் உங்கள் சொந்தப் பல்கலையின் பக்கத்தில் உள்நுழைந்து, "வெளிநாட்டில் படித்ததைக் கொண்டுவா" என்பதை அழுத்துவீர்கள். நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அந்த நாட்டின் தொடர்பு மையத்துக்கு உங்கள் உலாவி போகும். அங்கே, அந்த நாட்டுப் பல்கலை தந்த கணக்கில் உள்நுழைவீர்கள். உங்கள் முடிவுகள் வரிசையாக வரும், எதெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் டிக் செய்வீர்கள். டிஜிட்டல் கையொப்பத்தோடு அதே எல்மோ கோப்பு உங்கள் உலாவி வழியாகவே சொந்தப் பல்கலைக்குத் திரும்பும். நாமினேஷன் எண் எதுவும் தேவையில்லை. உள்நுழைந்தவர் நீங்கள்தான் என்பதே சான்று.

நார்டிக் நாடுகளில் இது சுலபமாக வந்ததற்குக் காரணம் உண்டு. சுவீடனில் ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கும் லாடோக் என்ற ஒரே பதிவு அமைப்பு. இங்கேயும் பொது அமைப்புதான். ஓரிடத்தில் கதவு திறந்தால் நாடு முழுக்கத் திறந்த மாதிரி. ஜெர்மனியில் ஒவ்வொரு பல்கலையும் தனக்கென்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.

நார்வேயில் 2017 முதல் வித்னெமோல்ஸ்போர்ட்டாலன் என்று ஒரு தளம் இருக்கிறது. மாணவர் தன் முடிவுகளைத் தேர்ந்தெடுத்து, காலாவதி தேதி போட்டு, ஒரு இணைப்பை வேலை தருபவருக்கோ இன்னொரு பல்கலைக்கோ அனுப்பலாம். பெறுபவர் அதைத் திறந்தால் எங்கள் பதிவேட்டிலிருந்தே நேராகப் பார்ப்பார். போலிச் சான்றிதழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன், ஐரோப்பா முழுக்க மாணவர் கையில் சாவி இருக்கும் வழியைத்தான் முதலில் முடித்திருக்க வேண்டும்.

பூட்டுச்சாவி எழுதியது:

வடதுருவம் சொன்ன கடைசி வாக்கியத்தை இரண்டு கையாலும் ஆதரிக்கிறேன். நெதர்லாந்தில் தரவுப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். எம்ரெக்ஸில் மாணவர் பார்க்கிறார், தேர்ந்தெடுக்கிறார், அனுப்புகிறார். காகிதமில்லா எராஸ்மஸில் இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்கின்றன, மாணவருக்கு விஷயம் பிற்பாடு தெரியவருகிறது. தோற்ற பாடமும் அந்தப் பட்டியலில் போகலாம். என்ன போனது என்று பார்க்கும் உரிமை 2018-ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாணவருக்கு இருக்கிறது. ஆனால் அந்த உரிமையை எத்தனை பேர் எழுதிக் கேட்கப் போகிறார்கள்?

அதைவிட எனக்குக் கவலை தருவது ஐரோப்பிய மாணவர் அடையாள எண். ஒவ்வொரு மாணவருக்கும் ஐரோப்பா முழுக்கத் தனித்துவமான ஓர் எண். இன்றைக்கு மதிப்பெண்ணுக்கு. நாளைக்கு நூலகம், விடுதி, பேருந்துச் சலுகை, மாணவர் அட்டை எல்லாம் அதே எண்ணில். ஒரு மனிதர் எங்கெல்லாம் போனார் என்று கோத்துப் பார்க்க ஒரு நூல் போதும். சொந்த நாட்டில் ஒரே எண்ணை எல்லாவற்றோடும் இணைக்கச் சொன்னபோது என்னவெல்லாம் வாதம் நடந்தது என்று நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இங்கே அந்த வாதமே கேட்கவில்லை.

மேற்குக்கரை எழுதியது:

பூட்டுச்சாவி, கவலை நியாயமானது. இருந்தாலும் அந்த எண் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் நாடு தழுவிய மாணவர் எண் கிடையாது. ஆகவே எங்கள் பல்கலையின் இணையப் பெயரையும் மாணவரின் பதிவு எண்ணையும் சேர்த்து, முன்னால் ஒரு நிலையான முன்னொட்டைப் போட்டு உருவாக்குகிறோம். மாணவர் பல்கலை மாறினால் எண்ணும் மாறிவிடும். வாழ்நாள் முழுக்கத் தொடரும் எண் இல்லை. தேசிய எண் உள்ள நாடுகளில் நிலைமை வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மாணவர் முதலில் பார்க்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. எங்கள் பக்கம் கோப்பு வந்து சேர்ந்த அதே நேரத்தில் மாணவர் பக்கத்திலும் தெரிய வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன். ஆனால் மாணவர் அழுத்தினால்தான் போகும் என்று மட்டும் வைத்துவிட்டால், கிரெடிட் குறைவாக எடுத்தவர்கள் அழுத்தாமலே இருந்துவிடுவார்கள். உதவித்தொகைக் கணக்கை முடிக்க அனுப்பிய பல்கலைக்கு அந்தப் பட்டியல் வேண்டும். இரண்டு வழியும் தேவை, இரண்டுக்கும் ஒரே எல்மோ வடிவம் இருப்பது நம் நல்ல காலம்.

நீலக்குடை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எங்கள் ஆபீஸில் கேட்டேன். மேற்குக்கரை சொன்னதேதான். என்னை அந்தப் பல்கலையின் போர்டலில் கையால் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் கேட்டால், இரண்டு பல்கலைக்கும் இடையிலான ஒப்பந்தம் இன்னும் நெட்வொர்க்கில் ஒப்புதல் ஆகவில்லையாம். காகிதத்தில் இருக்கிறதாம். அது ஏன் என்றும் சொல்லுங்களேன்.

இன்னொரு சந்தேகம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. ஒரே பெயர்தான். ஜெர்மனியில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பிரான்சில் மென்பொருள் காலியாக விடமாட்டேன் என்றதால் என் பெயரையே இரண்டு தடவை போட்டுவிட்டார்கள். இதனால் மதிப்பெண் வரும்போது சிக்கல் ஏதாவது வருமா?

மேற்குக்கரை எழுதியது:

ஒப்பந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது சுவையான கதை இல்லை. புதிய எராஸ்மஸ் காலம் 2021 முதல் 2027 வரை. அதற்காக எல்லா ஒப்பந்தங்களையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. நடுவில் கிடங்கு இல்லை என்றேன் அல்லவா? அதனால் ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதி, இரண்டு எண். உன் பிரதி இதுதான், என் பிரதி இதுதான் என்று இரண்டையும் இணைத்து, எதிராளியின் நிபந்தனைகளிலிருந்து கணக்கிட்ட ஒரு கைரேகையை வைத்து ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு இடங்களின் எண்ணிக்கையையோ மொழித் தகுதியையோ யாராவது தொட்டால் கைரேகை மாறிவிடும், தந்த ஒப்புதல் செல்லாது. ஒரு பக்கம் மூவ்ஆன் என்ற மென்பொருள், இன்னொரு பக்கம் மொபிலிட்டி-ஆன்லைன், மூன்றாவது பக்கம் போலந்தின் யூஸோஸ், சொந்த மென்பொருள் இல்லாதவர்களுக்கு டாஷ்போர்டு என்று ஒவ்வொருவரும் விதியைக் கொஞ்சம் கொஞ்சம் வேறாகப் புரிந்துகொண்டார்கள். பிற்பாடு விதியையே திருத்தி, கைரேகையை எல்லோரும் ஒரே மாதிரி கணக்கிடும்படி செய்தார்கள். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் வைத்திருக்கும் ஆபீஸில் ஒருவர் அல்லது இருவர்தான் இந்த வேலைக்கு இருப்பார்கள். அவர்கள் மாணவர் பயணம் நிற்கக்கூடாது என்று காகிதத்துக்குத் திரும்பியதை நான் குறை சொல்லமாட்டேன்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், நம் ஆட்கள் எல்லோரும் படிக்க வேண்டியது இதுதான். எல்மோ கோப்பில் குடும்பப் பெயருக்கு ஒரு புலம், இயற்பெயருக்கு ஒரு புலம். இரண்டும் எழுதியாக வேண்டும். ஒரே பெயர் உள்ளவருக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்றைப் போடுகிறது. ஒரு இடத்தில் கோடு, ஒரு இடத்தில் புள்ளி, ஒரு இடத்தில் அப்பா பெயர், உங்களுக்கு அதே பெயர் இரண்டு தடவை. எம்ரெக்ஸில் வந்தால் பெறும் கணினி பெயரையும் பிறந்த தேதியையும் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிடும். எழுத்து ஒன்றிரண்டு வேறுபட்டால் விட்டுக்கொடுக்கும்படி எழுதியிருப்பார்கள், ஆனால் கோட்டுக்கும் ஒரு முழுப் பெயருக்கும் உள்ள தூரம் ஒன்றிரண்டு எழுத்து இல்லை. கோப்பு ஓரமாக ஒதுங்கி, மனிதர் ஒருவர் பார்க்கும்வரை கிடக்கும்.

வடதுருவம் எழுதியது:

இனிஷியல் உள்ளவர்களுக்கும் இதே பாடுதான். இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட் ஒன்று, விரிக்காத பட்டச் சான்றிதழ் ஒன்று என்று வருவார்கள். இரண்டு வேறு மனிதர்கள் என்று கணினி நினைத்துக்கொள்ளும். என் யோசனை: ஐரோப்பாவில் முதல் பல்கலையில் உங்கள் பெயரை எப்படிப் பிரித்து எழுதினார்களோ, அதே பிரிப்பை அடுத்த பல்கலையிலும் எழுதச் சொல்லுங்கள். சேர்க்கைப் படிவம் நிரப்பும்போதே மெயில் போட்டுக் கேளுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

பூட்டுச்சாவிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பயப்படும் அந்த அடையாள எண் இருந்தால் நீலக்குடைக்கு இந்தப் பிரச்சினையே வராது. பெயரைப் பார்க்கவே வேண்டாம், எண் பொருந்தினால் போதும். நம்மைப் போன்ற பெயர் உள்ளவர்களுக்கு அந்த எண் ஒரு பாதுகாப்பு.

பூட்டுச்சாவி எழுதியது:

ஒத்துப்போகிறேன், பொருத்திப் பார்ப்பதற்கு. பொருத்தி முடிந்ததும் அதை வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதும் என் நிலைப்பாடு. வந்து படித்துப் போன மாணவரின் எண் எத்தனை ஆண்டு நம் கணினியில் கிடக்கும் என்று ஒவ்வொரு பல்கலையும் எழுதி வைக்க வேண்டும். நான் பார்த்த தனியுரிமை அறிவிப்புகளில் இந்த ஒரு வரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் கோப்பு வந்து சேர்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். வந்து சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். ஜெர்மனியில் ஒரு துறையின் பாட ஏற்புக் குழுவில் உதவிக்கு இருக்கிறேன்.

கிரெடிட் கணக்கில் தகராறு வராது. 1989-ல் சோதனையாகத் தொடங்கிய ஈ.சி.டி.எஸ். என்ற ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கல்வியாண்டுக்கு 60 கிரெடிட். 6 அங்கே என்றால் 6 இங்கே. மதிப்பெண்தான் தகராறு. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்த எல்லோருக்கும், வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் பவேரியச் சூத்திரம் தெரிந்திருக்கும். உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். எராஸ்மஸ் மாணவர்களுக்கும் பல துறைகளில் இதையேதான் போடுகிறார்கள்.

பிரான்சில் 20-க்கு 14 என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சி 10. இருபதில் பதினான்கு போனால் 6, அதைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.8, ஒன்றைக் கூட்டினால் 2.8. ஜெர்மன் அளவில் 1 தான் உச்சம், எண் கூடக் கூடத் தரம் குறையும். 2.8 என்பது 'திருப்திகரம்' என்ற வகுப்பு. ஆனால் பிரான்சில் 14 'நன்று' என்ற தகுதிக்கு உரிய மதிப்பெண். அங்கே 16 தாண்டினாலே மிக நன்று. 18, 19 எல்லாம் அபூர்வம். சூத்திரமோ 20 என்பது யாரும் தொடக்கூடிய உயரம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. இத்தாலிக்குப் போனவருக்கு நேர்மாறு. அங்கே 18-லிருந்து 30 வரை. 30 வாங்குவது அத்தனை அரிதல்ல. 27 வாங்கியவர் இதே சூத்திரத்தில் 1.75. இரண்டு பேரும் தங்கள் வகுப்பில் ஒரே இடத்தில் இருந்திருக்கலாம். ஒருவருக்கு 2.8, இன்னொருவருக்கு 1.75. இது அநியாயம் என்று நான் குழுவில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஈ.சி.டி.எஸ். வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பல்கலையும் துறைவாரியாக, குறைந்தது இரண்டு ஆண்டுகளின் தேர்ச்சி மதிப்பெண்களை எடுத்து, எந்த மதிப்பெண்ணை எத்தனை சதவீதம் பேர் பெற்றார்கள் என்று ஓர் அட்டவணை போட வேண்டும். இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும். பேச்சுக்கு, அங்கே 14-க்கு மேல் வாங்கியவர்கள் முதல் 15 சதவீதம் என்றால், இங்கே முதல் 15 சதவீதம் பேர் எந்த மதிப்பெண்ணில் நிற்கிறார்களோ அதைக் கொடுக்க வேண்டும். எல்மோ வடிவத்தில் இந்த அட்டவணைக்கு இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். பாடத்தின் முடிவோடு சேர்த்து, வகுப்பில் எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் அனுப்பலாம். எனக்கு வந்த கோப்புகளில் பெரும்பாலும் அந்த இடம் காலி.

என்னுடைய கோபம் இதுதான். பி.டி.எஃப். மெதுவாக வந்தால் மாணவருக்குச் சில வாரம் போகும். மதிப்பெண் தப்பாக மாற்றப்பட்டால் பட்டச் சான்றிதழில் வாழ்நாள் முழுக்க நிற்கும். முதலாவதற்குத் திட்டமும் பணமும் கூட்டமும் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு காலிப் புலம்.

நீலக்குடை எழுதியது:

கணக்குப்பிள்ளை, நீங்கள் சும்மா உதாரணத்துக்குப் போட்ட 14-ஐச் சுற்றித்தான் என்னுடைய மதிப்பெண்களும் இருக்கின்றன. இதை எதிர்த்துக் கேட்க முடியுமா? கேட்டால் துறையில் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேட்கலாம், கேட்க வேண்டும். 1997-ன் லிஸ்பன் உடன்படிக்கையை ஜெர்மனி ஏற்றிருக்கிறது. அதன்படி, வெளியில் படித்ததை ஏற்க மறுத்தால் கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு பல்கலைக்கு, உங்களுக்கு இல்லை. அது பாடத்தை ஏற்பது பற்றி. மதிப்பெண் மாற்றம் உங்கள் துறையின் தேர்வு விதியில் இருக்கும். விதியை எடுத்துப் படியுங்கள். சூத்திரம் ஒன்றே வழி என்று எழுதியிருக்கிறதா, அட்டவணை இருந்தால் அதைப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிரெஞ்சுப் பல்கலையிடம் உங்கள் துறையின் மதிப்பெண் பரவல் அட்டவணையைக் கேட்டு வாங்கி, டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்துக் கொடுங்கள். பதிவு ஏறுவதற்கு முன்னால் கொடுத்தால் குழுவில் பேச வழி இருக்கிறது. ஏறிய பிறகு மேல்முறையீடு என்று போக வேண்டும். கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். மரியாதையாக எழுதிய ஒரு மெயிலுக்கு இங்கே யாரும் கோபிப்பதில்லை.

அடுத்தவருடம் எழுதியது:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த ஆண்டு ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். இங்கே டிஜிலாக்கர், அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் எல்லாம் வந்துவிட்டது. அதிலிருந்து நேராக ஐரோப்பியப் பல்கலைக்குப் போகுமா? ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இவ்வளவு தாள் சேர்ப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது அண்ணா.

மேற்குக்கரை எழுதியது:

தம்பி, இப்போதைக்கு ஏ.பி.எஸ். வேலையை ஒதுக்கிவிடாதே. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு 2022 நவம்பர் முதல் அது கட்டாயம். நீ கொடுக்கும் பட்டமும் மதிப்பெண்ணும் மெய்யானவையா என்று டெல்லியில் சரிபார்த்துச் சான்று தருகிறார்கள். காகிதமில்லா எராஸ்மஸ் என்பது எராஸ்மஸ் சாசனம் பெற்ற பல்கலைகளுக்கு இடையே மாணவர் போய்வருவதற்காகக் கட்டியது. சேர்க்கைக்கான வழி அது இல்லை.

அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் 2021-ல் யு.ஜி.சி. விதியாக வந்தது. மாணவருக்கு ஒரு கணக்கு, கிரெடிட்கள் ஓரிடத்தில் சேரும். ஐரோப்பாவில் பதிவுகள் அந்தந்தப் பல்கலையிலேயே இருக்கும், தேவைப்படும்போது மட்டும் நகரும். கட்டுமானம் வேறாக இருந்தாலும், கையொப்பமிட்ட ஒரு கோப்பை ஒரு பக்கம் தந்து மறுபக்கம் சரிபார்க்க முடியாதது ஒன்றுமில்லை. 2012-ல் குரோனிங்கனில் கூடிய பல நாட்டு அமைப்புகள் ஒரு பிரகடனமே செய்தன, மாணவர் தரவு நாடு கடந்து டிஜிட்டலாகப் போக வேண்டும் என்று. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் ஒரு மாணவர் முத்திரை வைத்த உறைகளோடு விமானம் ஏற வேண்டிய அவசியம் இல்லாமல் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக நாம்தான் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வடதுருவம் எழுதியது:

நீலக்குடைக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நடைமுறைக் குறிப்பு. பி.டி.எஃப். வந்தால் அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே கோப்பை அப்படியே அனுப்புங்கள். அச்சடித்து, திரும்ப ஸ்கேன் செய்து அனுப்பினால் கையொப்பம் போய்விடும், வெறும் படம்தான் மிஞ்சும். இரண்டு பி.டி.எஃப்.களை ஒன்றாக இணைத்தாலும் இதே கதைதான். எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் நல்ல கோப்பைக் கெடுத்து அனுப்பியவர்கள் நிறைய, பிறகு மூலக் கோப்பைக் கேட்டு மெயில் போடுவதில் நாள் போகிறது. சரிபார்ப்புக் குறியீடு அச்சிட்டிருந்தால் அதையும், அதைச் சரிபார்க்கும் இணைய முகவரியையும் மெயிலில் தனியாக எழுதிவிடுங்கள். அங்கே படித்த காலத்துக்கு உரிய உள்நுழைவுக் கணக்கு மூடப்படுவதற்கு முன்னால் ஒரு பிரதியை இறக்கிச் சேமித்து வையுங்கள். சில இடங்களில் செமஸ்டர் முடிந்த கையோடு மூடிவிடுகிறார்கள்.